ஃபில்டரைக் கழுவுவது யார்?

குடுமியான்மலைக்குப் போயிருக்கிறீர்களா? புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். காய்ந்த பூமியில் திடீரென்று எழுந்து நிற்கும் ஒரு பாறைக்குன்று. அடிவாரத்தில் சிகாநாதர் கோயில். 'சிகை' என்றால் குடுமி. லிங்கத்துக்கு ஏது குடுமி என்று கேட்டால், ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கோயில் அர்ச்சகர் ஒருவர், சுவாமிக்கு வைத்திருந்த மாலையைத் தன் காதலிக்குக் கொடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்தா ராஜா வந்து நிற்கவேண்டும்! அவள் தலையிலிருந்த மாலையையே அவசரமாகத் திரும்ப வாங்கிவந்து பிரசாதமாக நீட்டினார் அர்ச்சகர். மாலையில் நீளமாக ஒரு முடி. "இது என்ன?" என்றார் ராஜா. "எங்க சுவாமிக்குக் குடுமி உண்டு மகாராஜா!" "அப்படியா... எங்கே, காட்டு!" நடுநடுங்கிப்போன பக்தனைக் காப்பாற்ற, அந்த நிமிஷமே லிங்கத்தில் குடுமி முளைத்துவிட்டதாம்!

'இன்ஸ்டன்ட்' என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து கிடையாது. நாம் இங்கே பேசப்போவதும் ஒரு இன்ஸ்டன்ட் சமாசாரம்தான். சூப்பர் மார்க்கெட் அலமாரியில், கண்ணாடி பாட்டில், தங்க நிற மூடி சகிதம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறதே, விலையுயர்ந்த இன்ஸ்டன்ட் காபி... அதற்கு அந்த விலை தகுமா? அதனால் கிடைக்கும் சௌகரியம் அவ்வளவு பெறுமா?

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம், வாருங்கள்.

இதே குடுமியான்மலைப் பாறையில்தான் 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்த புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. அது தவிர, கோயிலைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், நம் முன்னோர்கள் பட்டியல் போடுவதில் சூரர்கள். விளக்குக்கு இவ்வளவு நெய், அமுதுபடிக்கு இவ்வளவு அரிசி, தயிர், பருப்பு, பாக்கு, வெற்றிலை என்று உழக்கு, ஆழாக்கு சுத்தமாக வெட்டி வைத்திருப்பார்கள். காபி மட்டும் எங்கேயும் கிடையாது. இருக்கவும் முடியாது. பல்லவனும் குடிக்கவில்லை, சோழனும் குடிக்கவில்லை, பாண்டியனும் குடிக்கவில்லை. வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி 2000-ல் வெளியிட்ட புத்தகத்துக்கு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றே பெயர் வைத்தார். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் நம் வீட்டுக்குள் நுழைந்து, கொஞ்ச காலத்திலேயே 'காபி இல்லாவிட்டால் தலைவலி' என்கிற அளவுக்கு நம்மைப் பிடித்துக்கொண்ட பானம் இது. அதுவரை விடியற்காலையில் நம் ஆட்கள் குடித்தது நீராகாரம். ராத்திரியே சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் தயார். யோசித்தால், அதுதான் அசல் இன்ஸ்டன்ட்!

ஆனால் ஒரு விஷயம். காபி குடிக்கப் பழகுவதற்கு முன்பே, இந்தச் சீமைக்காரர்கள் காபிக்காக நடக்கப் பழகிவிட்டார்கள். 1830-களுக்குப் பிறகு இலங்கையின் மலைகளில் ஆங்கிலேயர்கள் காடுகளை அழித்துக் காபித் தோட்டம் போட்டார்கள். பழம் பறிக்க ஆள் வேண்டும். மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கூட்டம் கூட்டமாகத் தமிழர்கள் கிளம்பினார்கள். ராமநாதபுரம் கடற்கரை வரை நடை. அங்கிருந்து படகில் மன்னார். அப்புறம் காட்டு வழியே மாத்தளை வரை மறுபடி நடை. காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அறுவடை முடிந்ததும் அதே வழியில் திரும்பி நடந்தார்கள். அந்தக் காலத்தை மலையகத் தமிழர்கள் இன்றும் 'கோப்பிக் காலம்' என்கிறார்கள். 1869-ல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்று ஒரு நூலே எழுதினார். அதே 1869-ல்தான் இலைகளில் செம்மஞ்சள் தூள் மாதிரி ஒரு நோய் தோன்றியது. இருபது வருஷத்துக்குள் இலங்கைக் காபி கிட்டத்தட்டக் காலி. அந்த இடத்தில் தேயிலை வந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு கோப்பைக் காபி நம் கைக்குச் சுலபமாக வருகிறது என்றால், எங்கேயோ யாரோ கஷ்டப்படுகிறார் என்று அர்த்தம். சௌகரியம் என்பது வானத்திலிருந்து குதிப்பதில்லை. ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு வேலை மாறுகிறது, அவ்வளவுதான்.

நம்பிக்கை வரவில்லையா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் 19-ம் நூற்றாண்டில் பிறந்த 'கேம்ப் காபி'யின் பழைய லேபிளைப் பாருங்கள். அது பொடியல்ல, பாட்டிலில் அடைத்த திரவம். வெந்நீரிலோ பாலிலோ ஒரு ஸ்பூன் ஊற்றினால் காபி ரெடி. பெயர்தான் காபி. உள்ளே சர்க்கரையும் சிக்கரியும்தான் அதிகம்! லேபிளில் ராணுவக் கூடாரத்துக்கு முன்னால் ஒரு ஸ்காட்லாந்து அதிகாரி கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் தலைப்பாகை கட்டிய இந்தியப் பணியாள் தட்டோடு நிற்பார். பின்னாளில் விமர்சனங்கள் வந்து, தட்டை எடுத்துவிட்டு, கடைசியில் அந்த இந்தியரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கையில் ஒரு கோப்பையையும் கொடுத்தார்கள். அந்த மனிதர் உட்கார நூறு வருஷத்துக்கு மேல் ஆனது!

இன்ஸ்டன்ட் பொடிக்கு வருவோம். நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊரைச் சேர்ந்த டேவிட் ஸ்ட்ராங் 1890 வாக்கிலேயே கரையும் காபிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். 1901-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்த கண்காட்சியில் சடோரி கட்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி ஒரு கரையும் காபியைக் காட்டினார். ஜார்ஜ் வாஷிங்டன் என்று பெயருள்ள ஒருவர் (அந்த ஜனாதிபதி இல்லை சார், இவர் வேறு!) 1910 வாக்கில் அதைப் பெரிய வியாபாரமாக்கினார். முதல் உலகப் போர் வந்ததும் அவர் சரக்கையெல்லாம் ராணுவமே எடுத்துக்கொண்டது. பதுங்குகுழியில் கிடக்கும் சிப்பாய்க்கு ருசி முக்கியமா என்ன? சூடாக, கறுப்பாக ஏதோ ஒன்று தொண்டையில் இறங்கினால் போதும்.

அசல் திருப்பம் பிரேசிலில் நடந்தது. 1929-ல் உலகச் சந்தை சரிந்தது. பிரேசிலில் காபி மலை மலையாகத் தேங்கியது. விலையைத் தூக்கி நிறுத்த என்ன செய்தார்கள் தெரியுமா? எரித்தார்கள். 1931-லிருந்து 1944 வரை சுமார் 7 கோடியே 80 லட்சம் மூட்டை. மூட்டைக்கு 60 கிலோ! கேட்கவே வயிறு எரிகிறது இல்லையா? 'இதைக் கெடாத பொடியாக்க முடியுமா?' என்று பிரேசில் தரப்பிலிருந்து ஸ்விட்சர்லாந்தின் நெஸ்லே கம்பெனிக்குக் கேள்வி போனது. மாக்ஸ் மார்கென்தாலர் என்ற ரசாயன விஞ்ஞானி வருஷக்கணக்கில் போராடினார். ஒரு கட்டத்தில் கம்பெனியே கைவிட்டும் அவர் விடவில்லையாம், வீட்டில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தாராம். பாலும் சர்க்கரையும் சேர்த்த காபியில் மணம் அதிக நாள் தங்குவதை அவர் கவனித்ததுதான் வெற்றிக்கு வழி காட்டியது என்கிறது கம்பெனி சொல்லும் வரலாறு. 1938 ஏப்ரல் 1-ம் தேதி நெஸ்கஃபே விற்பனைக்கு வந்தது. முட்டாள்கள் தினம்தான், ஆனால் யாரும் ஏமாறவில்லை. அடுத்த வருஷமே இரண்டாம் உலகப் போர். அமெரிக்கச் சிப்பாய்களின் உணவுப் பொட்டலத்தில் ஏறி, இன்ஸ்டன்ட் காபி உலகம் சுற்றியது.

போர் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். சமையலறையில் அதே பொடியை நீட்டியபோது, இல்லத்தரசிகள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள். "ருசி பிடிக்கவில்லை" என்றார்கள். மேசன் ஹேர் என்ற உளவியல் பேராசிரியருக்கு அந்தப் பதிலில் நம்பிக்கையில்லை. 1950-ல் அவர் வெளியிட்ட சோதனை இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. இரண்டு மளிகை லிஸ்ட் தயார் செய்தார். இறைச்சி, ரொட்டி, கேரட், உருளைக்கிழங்கு என எல்லாம் ஒன்றேதான். ஒரு லிஸ்ட்டில் மட்டும் சாதாரண காபித்தூள், இன்னொன்றில் நெஸ்கஃபே. ஆளுக்கொரு லிஸ்ட்டைக் கொடுத்து, "இதை எழுதிய பெண் எப்படிப்பட்டவள்?" என்று மட்டும் கேட்டார். காபித்தூள் லிஸ்ட்டைப் பார்த்தவர்களில் 100-க்கு 4 பேர்தான் அவளைச் சோம்பேறி என்றார்கள். நெஸ்கஃபே லிஸ்ட்டைப் பார்த்தவர்களில் 48 பேர்! 'குடும்பம் நடத்தத் தெரியாதவள்' என்றும் 'நல்ல மனைவி இல்லை' என்றும்கூடச் சிலர் சொன்னார்கள்.

ஆக, பிரச்னை நாக்கில் இல்லை. ஒரு பெண் தன் வேலையை அஞ்சு நிமிஷம் குறைத்துக்கொண்டால், அவளுக்கு என்ன பட்டம் கட்டுவது என்பதில் இருந்தது.

நம் ஊர் மட்டும் லேசுப்பட்டதா? பித்தளை ஃபில்டர், மேலடுக்கில் பொடி, அதை அழுத்த ஒரு குடை, கொதிக்கும் தண்ணீர், சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாஷன், கறந்த பால், நுரை பொங்க ஓர் ஆற்று ஆற்றி டபராவில் வைத்தால்... ஆஹா! நானும் அதற்கு அடிமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 'ஆஹா'வுக்குப் பின்னால் காலை அஞ்சு மணிக்கு எழுந்தது யார்? பால்காரன் வந்துவிட்டானா என்று வாசலுக்கு ஓடியது யார்? ஓட்டை அடைத்துக்கொண்ட ஃபில்டரை அடுப்புத் தணலில் காட்டி, தட்டி, கழுவிக் கவிழ்த்தது யார்? புது மருமகளின் கைமணத்தை மாமியார் எடைபோட்டதே முதல் டம்ளர் காபியில்தானே? 'இன்ஸ்டன்ட்டெல்லாம் ஒரு காபியா' என்று ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு தீர்ப்பு சொன்ன பெரியவர்களில், வாழ்நாளில் ஒரு தடவையாவது ஃபில்டரைக் கழுவியவர் எத்தனை பேர்? வீட்டில் விசாரித்துப் பாருங்கள்.

நம் ஊர்க் கடைகளில் இன்ஸ்டன்ட் பரவலானது 1960-களிலிருந்து. நெஸ்கஃபே, ப்ரூ என்று ஒவ்வொன்றாக வந்தன. நகரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது உபகாரம். ஆனால் கிராமத்தில் நடந்தது வேறு கதை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடலையும் நெல்லும் விளைகிற பூமி, காபிச் செடிக்கு வேண்டிய மலைக் குளிர் கிடையாது. கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடை என்றால் டவுனுக்குப் போகவேண்டும். பெரும்பாலான வீடுகளில் ஃபில்டரும் கிடையாது. பொடியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, கருப்பட்டி தட்டிப்போட்டு, துணியில் வடிகட்டிய கடுங்காபிதான் பலருக்குத் தெரிந்த காபி. அப்புறம் பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் சரம் சரமாக இன்ஸ்டன்ட் பாக்கெட் தொங்க ஆரம்பித்தது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். திடீரென்று வீட்டுக்கு விருந்தாளி வந்தால், பையனைக் கடைக்கு ஓடவிட்டு ரெண்டு பாக்கெட்! நகரத்துக்காரருக்கு இன்ஸ்டன்ட் என்பது காபியிலிருந்து ஒரு படி இறக்கம். கிராமத்துக்காரருக்கு அது ஏற்றம். கௌரவமாக நீட்டக்கூடிய பால் காபி!

சோவியத் யூனியனிலும் இப்படித்தான். 1980-களில் அங்கே இந்திய இன்ஸ்டன்ட் காபி டப்பாவுக்கு ஏக மவுசு. கிடைப்பதே அபூர்வம். இங்கே 'சோம்பேறிக் காபி', அங்கே பரிசாகக் கொடுக்கும் பொருள்!

சரி, தங்க மூடி பாட்டிலுக்கு வருவோம். எல்லா இன்ஸ்டன்ட்டுக்கும் முதல் பாதி ஒன்றுதான். கொட்டையை வறுத்து, உடைத்து, பெரிய உருளைகளில் அடைத்து, அழுத்தத்தோடு வெந்நீரைச் செலுத்துவார்கள். நம் வீட்டுத் தண்ணீர் 100 டிகிரியோடு சரி. அங்கே அழுத்தம் காரணமாக 180 டிகிரி வரைகூடப் போகும். நாம் விட்டுவைக்கும் சக்கையிலிருந்துகூட அவர்கள் பிழிந்துவிடுவார்கள். கிடைக்கும் கெட்டி டிகாஷனிலிருந்து தண்ணீரை எப்படி வெளியேற்றுகிறார்கள் என்பதில்தான் விலை வித்தியாசம். மலிவு வழி: பல மாடி உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து டிகாஷனைத் தூறலாகத் தெளித்து, எதிரே அனல் காற்று அடிப்பது. கீழே விழும்போது பொடி. மணத்தில் கணிசமான பங்கு காற்றோடு போச்! விலையுயர்ந்த வழி: டிகாஷனை மைனஸ் 40 டிகிரி அளவில் பாறை மாதிரி உறையவைத்து, உடைத்து, காற்றில்லாத அறையில் வைப்பது. அங்கே பனிக்கட்டி தண்ணீராகாமலேயே ஆவியாகிவிடும். போர்க்காலத்தில் ரத்த பிளாஸ்மாவையும் பென்சிலினையும் காப்பாற்றப் பயன்பட்ட அதே வித்தை. மணம் அதிகம் மிஞ்சும். மின்சாரமும் நேரமும் அதிகம் செலவாகும். 'ஃப்ரீஸ் ட்ரைடு' என்று லேபிளில் போட்டிருப்பது இதைத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குருணை குருணையாக இருப்பதெல்லாம் ஃப்ரீஸ் ட்ரைடு அல்ல. மலிவுப் பொடியையே ஆவியில் லேசாக நனைத்து, ஒட்டவைத்து, குருணையாக்குவார்கள். கண்ணுக்கு அழகு, அவ்வளவே. அந்த ஒரு வார்த்தை லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். சிக்கரி கலந்திருந்தால் எத்தனை சதவிகிதம் என்று அச்சிட்டாக வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். காபி குறைந்தது 51 சதவிகிதம் இருந்தால் போதும் என்பதும் அதே சட்டம்தான்! அதாவது பாக்கெட்டில் கிட்டத்தட்டப் பாதி வேர்ப்பொடி இருந்தாலும் அது குற்றமில்லை.

கணக்குப் போடுவோமா? ஒரு டம்ளருக்கு 2 கிராம். 50 கிராம் பாட்டிலில் 25 டம்ளர். பாட்டில் விலையை 25-ஆல் வகுத்தால் டம்ளர் விலை. இப்படியே பாக்கெட்டுக்கும் ஃபில்டர் பொடிக்கும் போட்டுப் பாருங்கள். ஃபில்டர் காபிக்கு டம்ளருக்கு 8, 10 கிராம் பொடிகூட ஆகும், வீட்டுக்கு வீடு மாறும். சர்வதேச காபி அமைப்பின் கணக்குப்படி 1 கிலோ இன்ஸ்டன்ட்டுக்கு 2.6 கிலோ பச்சைக்கொட்டை. அப்படியானால் உங்கள் 2 கிராமுக்குள் இருப்பது சுமார் 5 கிராம் கொட்டை. மிச்சக் காசு ஆலைக்கும், மின்சாரத்துக்கும், கண்ணாடிக்கும், அந்தத் தங்க மூடிக்கும், விளம்பரத்துக்கும்! வெளிநாட்டுப் பெயர் இருக்கிறதே என்று மயங்கவும் வேண்டாம். தேனியிலும், ஆந்திராவின் துக்கிராலாவிலும் இருக்கும் ஆலைகளிலிருந்து இன்ஸ்டன்ட் காபி பல தேசங்களுக்குக் கப்பல் ஏறுகிறது. அங்கே வேறு வேறு பெயர் ஒட்டிக்கொள்கிறது.

இப்போது நேராகக் கேள்விக்கு வருகிறேன். இன்ஸ்டன்ட் தேவைதானா என்றால், அந்தத் தீர்ப்பை ஃபில்டரைக் கழுவுகிறவர் சொல்லட்டும். மற்றவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் விலை கூடிய இன்ஸ்டன்ட் தேவையா என்பது வேறு கேள்வி. பெட்டிக்கடைப் பாக்கெட்டுக்கும் தங்க மூடிக்கும் சௌகரியத்தில் ஒரு நொடி வித்தியாசம் கிடையாது. இரண்டையும் ஒரே மாதிரிதான் வெந்நீரில் கலக்குகிறோம். கூடுதல் காசு முழுக்க முழுக்க மணத்துக்கு. அந்த மணத்தின் மேல் முக்கால் டம்ளர் கொழுத்த பாலையும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரையையும் கொட்டினால், கண்ணைக் கட்டிக்கொண்டு குடிக்கும்போது எது எதென்று கண்டுபிடிப்பது சிரமம். நம் பாலுக்கு ஈடுகொடுப்பது சிக்கரியின் முரட்டுத்தனம்தான். அதனால்தான் சிக்கரி கலந்த சாதாரண பாக்கெட் நம் டம்ளரில் பிழைத்துக்கொள்கிறது, பாவம் அந்த உயர்ந்த சாதி அராபிகா மூழ்கிவிடுகிறது.

ஒருவேளை நீங்கள் பால் சேர்க்காமல் குடிக்கிறவரா? தனியாக இருக்கிறீர்களா? ஒரே ஒரு டம்ளருக்காக ஃபில்டர் போடுவது மலைப்பாக இருக்கிறதா? அப்படியானால் தாராளமாக வாங்குங்கள், பணம் வீணில்லை. நேரம்தான் பிரச்னை, பால் காபிதான் வேண்டும் என்றால், ராத்திரியே ஃபில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றிவைத்துவிடுங்கள். காலையில் கெட்டி டிகாஷன் தயாராக இருக்கும், பாலைச் சுடவைத்து ஊற்றவேண்டியதுதான். நீராகாரக் கணக்கு! கழுவுவதை மட்டும் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவது என்று முடிவு செய்தால் 50 கிராம் பாட்டிலே போதும். நம் ஊர்ப் புழுக்கத்தில், திறந்த பாட்டில் சீக்கிரம் ஈரம் இழுத்துக் கட்டி தட்டிவிடும். மூடியை இறுக்குங்கள். ஈர ஸ்பூனை உள்ளே விடாதீர்கள். வெந்நீர் கொதித்து இறங்கி ஒரு நிமிஷம் கழித்து ஊற்றுங்கள்.